கணையம் கேட்டது

கெசியா அழுத்துவதற்கு முன்பே மருந்து இறங்கத் தொடங்கியது.

சிரிஞ்சின் பிஸ்டன்மேல் அவள் கட்டைவிரல் இருந்தது உண்மைதான். ஆனால் அது சும்மா தொட்டுக்கொண்டுதான் இருந்தது. பிஸ்டன் விரலை விட்டு விலகி, மறுபக்கத்திலிருந்து யாரோ இழுப்பதுபோல நிதானமாக உள்ளே போய், அடியில் முட்டி நின்றது. காட்பாடியிலிருந்து காலை பாசஞ்சரில் ஆம்பூர் வந்து இறங்கி, ராத்திரி டியூட்டிப் புடவையைக்கூட மாற்றாமல் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது. ஆனால் ஜன்னல் வெயிலில் காலி சிரிஞ்சு பளிச்சென்று தெரிந்தது.

அவள் கணவன் ஜெஸ்டன் பனியனை மார்புவரை சுருட்டிவிட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

"இன்னா?" என்றான், பேப்பரை விலக்காமல்.

"ஒண்ணுமில்லங்க."

குழாயின் கிளாம்பை அழுத்தி மூடினாள். முனையில் மூடியைத் திருகினாள். மேலே காஸ் துணி வைத்து பிளாஸ்டர் ஒட்டினாள். கைகள் பழக்கத்தில் தம் வேலையைச் செய்தன.

அந்தக் குழாய் இடியாப்ப இழையைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். ஜெஸ்டனின் வலது விலாவுக்குக் கீழே தோலைத் துளைத்து, கல்லீரல் வழியாகப் பெரிய சிரையைப் பிடித்து, அங்கிருந்து ரத்தம் வருகிற திசைக்கு எதிராக ஏறி, கணையத்தை ஒட்டிய சிரையில் போய் நின்றது. வாய்வழியாகச் சாப்பிடும் மருந்து உடம்பெல்லாம் சுற்றிவிட்டுக் கணையத்துக்கு வரும்போது ஒன்றும் மிச்சமிருப்பதில்லை, அதனால்தான் கொல்லைப்புறமாக நுழைந்து நேரே கையில் கொடுத்துவிட்டு வருகிறோம் என்று டாக்டர் கோதண்டராமன் விளக்கியிருந்தார். காட்பாடி ரோட்டில் அவருடைய நர்சிங் ஹோமில்தான் கெசியாவுக்கு வேலை. புதிய மருந்து, புதிய முறை. வெளிநாட்டில் பன்றிகளுக்குப் பார்த்துவிட்டு இப்போதுதான் மனிதர்களுக்குப் பார்க்கிறார்களாம். வேறு நோயாளியாக இருந்தால் குழாயோடு வீட்டுக்கு விட்டிருக்க மாட்டார். மனைவியே நர்ஸ் என்பதால் விட்டார். கெசியாவும் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

ஜெஸ்டனுக்குக் கணையத்தில் கல். இந்தப் பக்கத்தில் குடிக்காதவர்களுக்கும் வருகிற வியாதிதான். ஆனால் சொன்னால் நம்ப வேண்டுமே. சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவன், ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் செக்‌ஷன் சூப்பர்வைசர், டீயைத் தவிர வேறெதையும் தொடாதவன். அவனிடம் போய், கொஞ்சம் கம்மி பண்ணிக்கலாமே என்று ஜாடையாகச் சொல்லாத சொந்தக்காரர்கள் இல்லை. வலி வந்துவிட்டால் முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கட்டில் விளிம்பில் நெற்றியை இடித்துக்கொள்வான். போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு காலை, டியூட்டி முடிந்து வந்தவள் அவனைக் குளியலறையில் கண்டுபிடித்தாள். கம்பெனியிலிருந்து கொண்டுவந்த தின்னர் பாட்டிலைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிடுங்கிக் கொட்டினாள். அவன் சண்டை போடவில்லை.

"இன்னொரு நாளு நீ டியூட்டிக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள முடிச்சுடுவேன் கெசியா. என்னால முடியல" என்றான்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் வாசற்கதவைத் தட்டிவிட்டுக் கதவில் காதை வைத்துக்கொள்வாள். உள்ளே செருப்புச் சத்தம் கேட்கும்வரை எடுக்க மாட்டாள். குழாய் போட்ட முதல் வாரத்திலேயே அவனுடைய வலி போனது, அவளுடைய பயமும் போனது. அதனால் குழாய் இருந்தாக வேண்டும். குழாய் இருந்தால் அவன் இருப்பான்.

மருந்து ஏற்றுவதற்கு முன் பிஸ்டனைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, ரத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ரிட்டர்ன் பார்ப்பது என்பார்கள். சிரிஞ்சுக்குள் கருஞ்சிவப்பாய் ஒரு நூல் எட்டிப் பார்த்தால் குழாய் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சிரையில் ரத்தம் வெளியே தள்ளுமே தவிர உள்ளே இழுக்காது. இது நேற்று பயிற்சிக்குச் சேர்ந்த பெண்ணுக்கும் தெரியும்.

சாயங்காலம் மருந்து நேரத்தில் கெசியா கவனமாகப் பார்த்தாள். பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்தாள். ரத்தம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தாள். பிஸ்டன் அவள் பிடியில் ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு எதிர்ப்பக்கம் இழுத்தது. அவள் விட்டுவிட்டாள். மருந்து முழுவதும் ஒரே மடக்கில் போனது. சிரிஞ்சைக் கழற்றிவிட்டு, மூடியை எடுக்கும்வரை காற்று புகுந்துவிடக் கூடாதே என்று குழாயின் வாயைக் கட்டைவிரலால் பொத்தினாள். கையுறையின் ரப்பர் மொட்டுபோலக் குழாய்க்குள் இழுபட்டது. கன்றுக்குட்டி விரலைச் சப்புவதுபோல அது சப்பியது. கொஞ்சம் நிறுத்தும், மறுபடி சப்பும்.

கிளாம்பை மூடிவிட்டு எழுந்து முன்னறைக்கு வந்து டாக்டருக்கு போன் போட்டாள்.

"சொல்லும்மா. வலி எப்படி இருக்கு?"

"இல்ல சார். சுத்தமா இல்ல."

"சுகர்?"

"நார்மல் சார்."

"ரொம்ப நல்லது. ரிட்டர்ன் வருதா?"

உள்ளறையில் ஜெஸ்டன் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டின் மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். எத்தனை மாதத்துக்குப் பிறகு. வரவில்லை என்று சொன்னால் நாளைக்கே வரச் சொல்வார். குழாயை உருவிவிடுவார். பிறகு பழையபடி கட்டில் விளிம்பு, பழையபடி வாசற்கதவு.

"வருது சார்" என்றாள்.

அடுத்த நாட்களில் ஜெஸ்டன் தேறியதைத் தெருவே பார்த்தது. கன்னத்தில் சதை போட்டது. மாடிப்படி ஏறி இறங்கினான். மெடிக்கல் லீவில் சும்மா இருக்கப் பிடிக்காமல் கொல்லைச் சுவரை ஒட்டி நின்று, பக்கத்து வீட்டு அஃப்ஸர் ஜஹான் பக்ரீத்துக்காக வாங்கிக் கட்டியிருந்த கிடாவுக்குத் தழை ஒடித்துப் போட்டான். "உன் வூட்டுக்காரரு மூஞ்சில இப்பதான் களை வந்திருக்குது. நெறைய துவா பண்ணேன்மா" என்று அஃப்ஸர் ஜஹான் சொன்னபோது கெசியாவுக்குக் கண் கலங்கியது. சந்தோஷமாகவே இருந்தது. அதை இல்லையென்று சொல்ல முடியாது.

சந்தோஷத்தின் நடுவே அந்த வாடை வந்தது. கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்த புதிதில், சுண்ணாம்பும் உப்புப் போட்டு அடுக்கிய பச்சைத் தோலும் கலந்து காற்றில் வருகிற வாடையில் அவளுக்குச் சோறு இறங்காது. வருஷம் போகப் போக மூக்கு மரத்து, அப்படியொரு வாடை இருப்பதையே மறந்துவிட்டாள். இப்போது அது திரும்பியிருந்தது. தோல் பதனிடும் டேனரிப் பக்கமிருந்து வரவில்லை, ஜன்னலைச் சாத்தினாலும் குறையவில்லை. ஜெஸ்டனின் வயிற்றிலிருந்து காஸ் துணியைப் பிரிக்கும்போது வந்தது. புண்ணில் சீழ் இல்லை, சிவப்பு இல்லை. துளை மட்டும் சுத்தமாக, ஈரமாக, குழாயைச் சுற்றி இறுக்கமாக இருந்தது.

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. ராத்திரி டியூட்டிக்காரிக்குப் பகல்தான் ராத்திரி. ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, ஜெஸ்டன் பக்கத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவள், ஃபேன் நின்ற புழுக்கத்தில் விழித்தாள். ஃபேன் சத்தம் இல்லாத வீடு புதிதாக இருந்தது. தெருவில் யாரோ தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தார்கள், தூரத்தில் ஷூ கம்பெனியின் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது, சமையலறைக் குழாயில் ஒரு சொட்டு சேர்ந்து சேர்ந்து கனத்து விழுந்தது, இந்த எல்லாச் சத்தங்களுக்கும் கீழே, அவள் காதுக்கு மிக அருகில், டம்ளர் அடியில் மிச்சமிருக்கும் கூழை உறிஞ்சுவது போல ஒரு சத்தம் கேட்டது.

அவள் மெதுவாகத் திரும்பினாள். ஜெஸ்டன் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். பனியன் மேலேறியிருந்தது. குழாயின் மூடி திருகி எடுக்கப்பட்டு விரிப்பின்மேல் கிடந்தது. கிளாம்பு திறந்திருந்தது. குழாயின் வாய் வெறும் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. காற்று உள்ளே போனால் மனிதன் சாக வேண்டும். அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

கிளாம்பை மூட அவள் குனிந்தபோது, விலாவுக்குக் கீழே தோல் லேசாக எழும்பியது. கையை இடப்பக்கம் கொண்டுபோனாள். எழும்பிய இடமும் இடப்பக்கம் வந்தது. வலப்பக்கம் கொண்டுபோனாள். வலப்பக்கம் வந்தது. அப்படியே கட்டிலை விட்டு இறங்கி, சுவரோடு சுவராக நகர்ந்து முன்னறைக்குப் போய், கரண்ட் வரும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அன்று ராத்திரி டியூட்டிக்குப் போகும்போது, வீட்டை விட்டுப் போவது நிம்மதியாக இருந்ததை நினைத்து வெட்கப்பட்டாள்.

மறுநாள் காலை அவள் வரும்போது அஃப்ஸர் ஜஹான் வாசலிலேயே நின்றிருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"கெசியா, கொஞ்சம் வந்து பாரும்மா. நீ நர்ஸு, உனக்குத் தெரியும். கிடா செத்துப் போய்ட்டுது."

கொல்லையில் கிடா காலை நீட்டிக் கிடந்தது. கயிறு அறுபடவில்லை, நாய் கடித்த மாதிரியும் இல்லை. கழுத்தில் ஓரிடத்தில் மட்டும் முடி வழித்து எடுக்கப்பட்டு, அங்கே பஞ்சு வைத்து, பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. அவசரமாக ஒட்டியதல்ல. நான்கு பக்கமும் சரியாக மடித்து, சுருக்கமில்லாமல் நீவிவிட்டு ஒட்டியது.

அஃப்ஸர் ஜஹானின் கணவர் ரஃபி அகமது கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தோல் மண்டி வைத்திருப்பவர், செத்த ஆட்டைப் பார்த்துப் பயப்படுகிறவர் அல்ல. "விஷமான்னு பாக்கத் தொடையக் கீறினேன்மா. ஒரு சொட்டு ரத்தமில்ல. கழுவி வெச்ச மாதிரி இருக்குது. இத்தினி வருஷத்துல இப்படி நான் பாத்ததில்ல" என்றார். கத்தி ஈரமில்லாமல் இருந்தது.

தெரியவில்லை என்று அவர்களிடம் சொல்லிவிட்டு கெசியா வீட்டுக்குள் வந்தாள். அலமாரியில் இருந்த மருத்துவப் பையைத் திறந்து பார்த்தாள். சிரையில் குத்துகிற ஊசிக் குழல்கள் குறைந்திருந்தன. இணைப்புக் குழாய் ஒன்றைக் காணவில்லை. குளியலறையில் ஜெஸ்டனின் ஷேவிங் ரேசரில் கறுப்பாய்ச் சுருட்டை முடி சிக்கியிருந்தது.

அவன் சமையலறையில் தரையில் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒரு மாதத்துக்கு முன் கஞ்சிகூட இறங்காத மனிதன்.

"ஆட்ட நீங்கதான..." என்றாள்.

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தான். "அது கேக்குது கெசியா."

"எது?"

அவன் வயிற்றைக் காட்டவில்லை. "மருந்து அதுக்குப் பத்தல. குடுக்கலன்னா இன்னா ஆவும்னு சொல்லுது. வாயால இல்ல. முன்னாடி வலி வரும்ல, அந்த எடத்துல லேசா தொட்டுக் காட்டும். அவ்ளோதான். எனக்குப் புரிஞ்சுடும்."

அவன் பொய் சொல்லவில்லை, பைத்தியம்போலவும் இல்லை. வலிக்குப் பயந்த மனிதனாக இருந்தான். அவனை அவளுக்கு நன்றாகத் தெரியும். அதுதான் பயமாக இருந்தது.

"நாளைக்குக் காலைல டாக்டர்கிட்ட போறோம். எடுத்துடலாம்."

"எடுத்தா?"

அவள் சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்தாள்.

"சரி, போலாம்" என்றான் அவன், கையைக் கழுவிக்கொண்டே. இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "நீ போய்ப் படு. கண்ணெல்லாம் செவந்து கெடக்குது."

அவள் படுக்கவில்லை. நர்சிங் ஹோமுக்கு போன் செய்தாள். டாக்டர் சென்னைக்குப் போயிருக்கிறார், காலையில்தான் வருவார் என்றார்கள். முன்னறை நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தூங்கக் கூடாது. வரிசையாக ராத்திரி டியூட்டி பார்த்த உடம்பு கெஞ்சியது. ஜெஸ்டன் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். பக்கத்தில் நின்று, அவள் தலையைத் தடவிவிட்டுப் போனான். டீ சூடாக, தித்திப்பாக இருந்தது. அடியில் மட்டும் கசந்தது. அவனுக்கு எழுதிக் கொடுத்திருந்த தூக்க மாத்திரைகளில் எத்தனை மிச்சமிருக்கும் என்று யோசிக்கத் தொடங்கினாள். யோசனை பாதியில் நின்றது.

விழித்தபோது கட்டிலில் கிடந்தாள்.

ஜன்னல் போர்வையின் ஓரத்தில் வெயில். பகல்தான் இன்னும். நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. இடது கை சில்லிட்டிருந்தது. முன்கையில் பிளாஸ்டர். சுருக்கமில்லாமல், நீவிவிட்டு. அதன் கீழிருந்து புறப்பட்ட இணைப்புக் குழாய் கட்டில் விரிப்பைத் தாண்டிக் கீழே இறங்கியது. குழாய் முழுக்கச் சிவப்பு.

சிவப்பு நகர்ந்துகொண்டிருந்தது.

கட்டிலை ஒட்டித் தரையில் ஜெஸ்டன் உட்கார்ந்திருந்தான். தலையைக் கட்டில் விளிம்பில் சாய்த்திருந்தான். பனியன் சுருட்டியிருந்தது. அவளிடமிருந்து போன குழாய் அவன் விலாவுக்குக் கீழிருந்து வந்த குழாயோடு சேர்ந்திருந்தது.

"வலிச்சுதா?" என்றான் மெதுவாக. "நீ போடற மாதிரிதான் போட்டேன். பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன்."

அவள் தலையைத் திருப்பிக் குழாயைப் பார்த்தாள். வலது கைக்கு எட்டும் தூரத்தில் கிளாம்பு இருந்தது. கையைத் தூக்கினாள். மணல் மூட்டையாகக் கனத்தது. விரல்கள் கிளாம்பைத் தொட்டன. அழுத்தினாள்.

சிவப்பு நின்றது.

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஜெஸ்டனின் கண்கள் விரிந்தன. முழங்கால் நெஞ்சுக்கு ஏறியது. நெற்றி கட்டில் விளிம்பில் மோதியது. மறுபடி. மறுபடி. கட்டில் அதிர்ந்தது. அவன் அலறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டான். கடித்த பல் வழியாகப் பேசினான்.

"மூடிட்டியா. பரவால்ல. நீ செஞ்சது சரிதான்." மூச்சு வாங்கியது. "நீ டியூட்டிக்குப் போய்ட்டு வா கெசியா."

போய்விட்டு வந்தால் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தட்டினால் திறக்காத கதவு இருக்கும். கதவுக்குப் பின்னால் அவன் இருப்பான்.

கொஞ்சம்தானே. கொஞ்சம் கொடுத்துவிட்டு மூடிவிடலாம். மனிதர்கள் ரத்தம் கொடுப்பதில்லையா. நாளைக் காலைவரை. டாக்டர் வரும்வரை.

கெசியா கிளாம்பைத் திறந்தாள். தன் கையாலேயே திறந்தாள்.

சிவப்பு நகர்ந்தது. ஜெஸ்டனின் முழங்கால் மெல்ல நீண்டது. நெற்றியில் தோல் உரிந்திருந்தது. முகத்தில் ஒவ்வொரு சுருக்கமாகத் தளர்ந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "போய்ட்டுது" என்றான். "வலி போய்ட்டுது." அப்படியே தூங்கிப்போனான்.

அவள் அவனைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அழுகை வந்தது. இன்னும் கொஞ்சம், பிறகு மூடிவிடலாம்.

சிவப்பு நின்றது.

அவள் கிளாம்பைத் தொடவில்லை. திறந்துதான் இருந்தது. ஆனால் நின்றது.

பிறகு அவன் பக்கத்திலிருந்து, சிவப்புக்கு நடுவே, வெளுப்பாக ஒன்று வந்தது. நூல் போல. அவளைப் பார்த்து வந்தது. அவசரமில்லாமல்.

கிளாம்பை அழுத்தினாள். அது ஏற்கெனவே தாண்டியிருந்தது.

பிளாஸ்டரைப் பிய்த்தாள். ஊசிக் குழலைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. உள்ளிருந்து பிடித்துக்கொண்டிருந்தது.

"ஏங்க."

ஜெஸ்டன் தூங்கினான்.

"ஏங்க. எழுந்திருங்க."

முன்கையின் தோல் எழும்பியது. மெல்லிய கோடாக. மணிக்கட்டைப் பார்த்துப் போகவில்லை. மேலே. நகரும் இடத்தில் மட்டும் சில்லிப்பு. வலி இல்லை. கொஞ்சம்கூட வலி இல்லை.

முழங்கை மடிப்பில், சிரை இரண்டாகப் பிரியும் இடத்தில், அது நின்றது. எந்தப் பக்கம் என்று பார்த்தது. பிறகு ஏறத் தொடங்கியது.